பச்சைப் பொத்தான்

பேச்சுப் பலகைகள் வந்து இறங்கிய அன்று, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அமலோற்பவத்திடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் அதுதான் வழக்கம். உள்ளே பொருள் இருக்கிறதா, அது யாருக்காவது உதவுமா என்பதெல்லாம் கையெழுத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டிய சமாச்சாரங்கள்.

அவளுக்கு அதில் பழைய அனுபவம் உண்டு. சிறப்புக் குழந்தைகளுக்கான கற்றல் பொருட்கள் என்ற பெயரில் வருஷா வருஷம் ஏதாவது வரும். நடக்க முடியாத பிள்ளைகளுக்குக் கால்பந்து வந்தது. விரல் மடங்காத பிள்ளைகளுக்கு டஜன் கணக்கில் கலர் பென்சில் வந்தது. கேட்டால், மேலே முடிவு செய்தது என்பார்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், புகையடித்துக் கிடந்த ஒரு அறையில் ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சோடா மூடி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்து, காலண்டர்ப் படத்தை ஒட்டிய அட்டை என்று தன் கைச் சரக்கை வைத்தே அவள் ஒப்பேற்றி வந்தாள்.

இந்தத் தடவை வந்தது அப்படியில்லை. சிலேட்டு அளவுக்கு ஒரு பலகை, அதோடு பிள்ளையின் கழுத்தில் கட்டுகிற மெல்லிய பட்டை. வாய் பேசாத பிள்ளை ஏதாவது சொல்ல நினைத்தால் தொண்டையிலும் தோலிலும் உண்டாகிற துடிப்பைப் பட்டை பிடித்துவிடும். பலகை எதிரே நிற்கிற முகத்தையும் பார்த்துக்கொண்டு அதைப் பேச்சாக்கும். சொல்லிக் கொடுக்கச் சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு பையன் வந்திருந்தான். நல்ல பையன். பிள்ளைகளின் எச்சிலைப் பார்த்து முகம் சுளிக்காமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கங்க மேடம். துடிப்பு இருக்குன்னுதான் பலகைக்குத் தெரியும். அது பசியா, கோவமா, வலியான்னு அதுக்குத் தெரியாது. முதல் சில வாரம் நீங்கதான் சொல்லணும். பாப்பா எதுக்காவது தவிச்சா, அவ என்ன சொல்ல வர்றான்னு வாயால சொல்லிட்டு இந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்க. அழுத்த அழுத்த அது கத்துக்கும். அப்புறம் அதுவே பேசும்."

"நான் தப்பாச் சொல்லிட்டேன்னா?"

"அதுக்குத் தப்பு சரின்னு ஒண்ணு கிடையாது மேடம். நீங்க பச்சையை அழுத்தினா அதுதான் சரி."

அமலோற்பவம் சிரித்தாள். பிள்ளைகளின் மனசைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். இசக்கியையே எடுத்துக்கொள்வோம். பத்து வயசு. இடுப்புக்குக் கீழே நிலைக்காது, கைகள் சொன்ன பேச்சு கேட்காது, வாயில் ஒரு சொல் வராது. ஆனால் கண் இருக்கிறதே, அது ஊரையே அளந்துவிடும். பசித்தால் சத்துணவுக் கூடத்துப் பக்கம் பார்ப்பாள். ஒண்ணுக்கு வந்தால் முழங்கால்களை உரசுவாள். பிடிக்காதவர் வந்தால் பக்கத்தில் கிடக்கிற செருப்பு பறக்கும். எங்காவது வலித்தால் கூரை பிய்கிற மாதிரி அலறி, வலிக்கிற இடத்திலேயே கை முட்டியால் இடிப்பாள். இதெல்லாம் அமலோற்பவத்துக்கும் தாய் முத்துப்பேச்சிக்கும் அத்துபடி. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் இசக்கியின் கஷ்டம். இனி அது தீர்ந்தது என்று அமலோற்பவம் நினைத்தாள். அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே மாவட்ட ஒருங்கிணைப்பாளர் தில்லைநாயகத்திடமிருந்து போன் வந்தது. கல்வித்துறை இயக்குநர் நேரில் வந்து திட்டத்தைத் தொடங்கி வைக்கிறார், விழா இவள் பள்ளியில்தான், அடுத்த வாரமே என்றார். பலகை பழகவே பல வாரம் ஆகும் சார் என்று இவள் சொல்லிப் பார்த்தாள்.

"டீச்சர், பலகை பழகுறது உங்க பாடு. இயக்குநர் கேட்டா புள்ள வாயத் திறந்து பதில் சொல்லணும். அன்னைக்கு ஊமையா நின்னுச்சுன்னா எல்லாப் பெட்டியையும் கட்டி வேற மாவட்டத்துக்கு அனுப்பிருவாவ. பொறவு அடுத்த வருசமும் ஒங்களுக்குக் கால்பந்துதான்."

அமலோற்பவம் பள்ளிக்கூடத்துக்குப் புதுசு இல்லை. ஆய்வாளர் வருகிற நாளில் என்ன நடக்கும் என்பது அவள் மாணவியாக இருந்த காலத்திலிருந்தே தெரியும். கேள்வி கேட்டால் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. ஆசிரியர் வலது கையைப் பார்த்து எழுப்புவார். ஆய்வாளரும் ஒரு காலத்தில் இடது கையைத் தூக்கி வளர்ந்தவர்தான், ஆகவே தலையை ஆட்டிவிட்டுப் போவார். யாருக்கும் நஷ்டமில்லை. இதை யாரும் பொய் என்று நினைத்ததுகூட இல்லை. பள்ளியின் மானத்தைக் காப்பாற்றுவது என்றுதான் அதற்குப் பேர்.

ஆகவே ஒத்திகை தொடங்கியது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இசக்கியின் கழுத்தில் பட்டையைக் கட்டி நாற்காலியில் உட்காரவைப்பாள். வெக்கை, கழுத்தில் அரிப்பு, தூக்கம். இசக்கி நெளிவாள், முனகுவாள். பலகையில் துடிப்பு தெரியும். உடனே அமலோற்பவம், "நான் நல்லா இருக்கேன் ஐயா" என்பாள். பச்சைப் பொத்தான். மறுபடி நெளிவாள். "நான் நல்லா சாப்பிட்டேன் ஐயா." பச்சைப் பொத்தான். ஒரு நாள் இசக்கி முழங்கால்களை உரசினாள். அமலோற்பவம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஒரு நிமிசம்டி ராசாத்தி, இதோ போயிரலாம்" என்று சொல்லி, "நான் நல்லா இருக்கேன் ஐயா" என்று பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாவாடை நனைந்துவிட்டது. இசக்கி அலறினாள். அந்த அலறலையும் வீணாக்க வேண்டாமென்று இன்னொரு தடவை அழுத்தினாள். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து முறையாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

தில்லைநாயகம் ஒத்திகையைப் பார்க்க வந்தார். திருப்திதான். ஆனால் ஏதோ குறைகிறது என்றார். தாயையும் மேடைக்குக் கூப்பிட்டு, பிள்ளை அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும், பேப்பரில் போடுவார்கள் என்றார். முத்துப்பேச்சியின் போட்டோவைப் பலகைக்குக் காட்டி அமலோற்பவம் அதையும் சேர்த்தாள். "அம்மா, நான் நல்லா இருக்கேன்." பச்சைப் பொத்தான்.

விழா அமர்க்களமாக நடந்தது. இயக்குநர் குனிந்து, எப்படிம்மா இருக்கே என்று கேட்டார். பந்தல் புழுக்கத்திலும் காமிரா வெளிச்சத்திலும் மிரண்டுபோய் இசக்கி உடம்பை முறுக்கினாள். பலகை தெளிவான குரலில் நல்லா இருக்கேன் ஐயா என்றது. கைதட்டல் அடங்கவில்லை. பிறகு முத்துப்பேச்சியை மேடைக்கு ஏற்றினார்கள். பீடி சுற்றிக் கறுத்த விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவள் நின்றாள். பலகை அவளை அம்மா என்று கூப்பிட்டது.

பத்து வருஷம் கேட்காத சொல். முத்துப்பேச்சி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையினூடே பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், எம்புள்ள மெட்ராஸ்காரி மாதிரில்லா பேசுதா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அமலோற்பவமும் அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

விழாவுக்குப் பிறகு வகுப்பறையில் ஒரு அமைதி வந்தது. இசக்கியின் பலகையில் பழகியதை மற்றப் பலகைகளிலும் நிரஞ்சன் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். புதிதாக ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம், அடிப்படை ஒன்று இருந்தால் மீதியை அந்தந்தப் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும் என்றான். ஒன்பது பலகைகளும் நல்லா இருக்கேன் என்றன. சாப்பிட்டேன் என்றன. எந்தப் பிள்ளையாவது முனகினால் பலகை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடும். பதில் வந்த பிறகு யார் போய்ப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்? பிள்ளைகளுக்கும் அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. கத்திப் பயனில்லை என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் கத்துவதை நிறுத்திவிடும். சத்துணவு சமைக்கிறவர்கள், டீச்சர் புள்ளையள என்னமா மாத்திட்டாவ என்று வாய் ஓயாமல் பேசினார்கள்.

முறையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு அமலோற்பவத்துக்கு அவ்வப்போது வரும். ஆனால் அவள் வகுப்பை முன்மாதிரி வகுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். வேறு ஊர் ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்கள் முன்னால் பலகையைத் தடுமாற வைப்பானேன் என்று தள்ளிப்போட்டாள். எத்தனையோ வருஷம் அலறலுக்கு நடுவில் கிடந்தவளுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்பதும் உண்மை.

ஒரு திங்கள்கிழமை முத்துப்பேச்சி இசக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், இவ ரெண்டு நாளா முட்டியால காதுல இடிச்சுக்கிட்டே கெடக்கா. ஏதோ வாடையும் அடிக்கி. ஆனா கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லுதா. எனக்கு ஒண்ணும் ஓடல."

அமலோற்பவம் குனிந்து இசக்கியைப் பார்த்தாள். இசக்கியும் அவளைப் பார்த்தாள். காது வலிக்கா கண்ணு என்று இவள் கேட்டாள். இசக்கியின் உடம்பு முழுக்க ஒரு இழுப்பு இழுத்தது. "நல்லா இருக்கேன் ஐயா" என்றது பலகை. முட்டி மறுபடி காதில் இடித்தது.  போன வருஷமாக இருந்தால் அமலோற்பவம் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்திருப்பாள். இப்போதோ, எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடு என்று மட்டும் சொன்னாள். பார்வையாளர்கள் வருகிற நாள் அது.

முத்துப்பேச்சி காட்டத்தான் செய்தாள். வரிசை வாசல்வரை நின்றது. டாக்டர் நல்லவர்தான். இத்தனை நாளும் பேசாத பிள்ளைகளைத் தாய் சொல்வதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது, இப்போது பிள்ளையே பதில் சொல்கிறது என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. வலி இருக்காம்மா என்று இசக்கியிடமே கேட்டார். நல்லா இருக்கேன் ஐயா, நல்லா சாப்பிட்டேன் ஐயா என்றது பலகை. அவ கையப் பாருங்கய்யா என்று முத்துப்பேச்சி ஒரு வார்த்தை சொன்னாளாம். இந்தப் பிள்ளைகள் அப்படிக் கையை ஆட்டுவது சகஜம்தான் என்று டாக்டர் சொல்லி, சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பெற்றவள் பேச்சைவிடப் பலகையின் பேச்சுக்கு மதிப்பு வந்திருந்தது. முத்துப்பேச்சியே அதைத்தான் நம்பினாள். தன்னை அம்மா என்று கூப்பிட்ட குரலை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்?

அந்த வாரமே காய்ச்சலும் வலிப்பும் வந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காதுக்குள் வைத்த சீழ் மூளைவரை ஏறிவிட்டது என்றார்கள். தலையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். இசக்கி பிழைத்துக்கொண்டாள். இரண்டு காதும் போய்விட்டது. பேச முடியாத பிள்ளைக்குக் கேட்கவும் முடியாமல் போனது.

அமலோற்பவம் நிரஞ்சனைப் போனில் கூப்பிட்டு, ஒத்திகையில் தான் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். 

"மேடம், அவ தவிச்ச நேரத்துலதான் நீங்க பொத்தானை அழுத்தியிருக்கீங்க. அப்போ பலகை என்ன கத்துக்கும்? எவ்வளவு தவிக்கிறாளோ அவ்வளவு உறுதியா நல்லா இருக்கேன்னு சொல்லும். வலி கூடக் கூட சந்தேகமே இல்லாம சொல்லும்."

இசக்கியின் பலகையை அழித்துப் புதிதாகத் தொடங்க முடியுமா என்று கேட்டாள். அவளுடையதை முடியும் என்றான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னான். அவள் வகுப்பின் பழக்கத்தைத்தான் மாநிலம் முழுக்கப் போன பலகைகளுக்கும் அடிப்படையாக ஏற்றியிருக்கிறார்கள். துறை வைத்த சோதனையில் அதுதான் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கியது. அந்த அடிப்படையை மாற்றக் கம்பெனியால் முடியாது, துறை எழுதிக் கேட்க வேண்டும்.

அமலோற்பவம் போனை வைத்த கையோடு பஸ் ஏறி, தில்லைநாயகத்தின் அலுவலகத்துக்குப் போனாள். எல்லாப் பலகையையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். தன் மேல்தான் தப்பு, என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்றாள். அவர் அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"இவ்வளவு பலகை போயிருக்கு. எங்கயாவது ஒரு புள்ள வலிக்குன்னு சொல்லியிருக்கா டீச்சர்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அமலோற்பவத்துக்கு அப்போதுதான் பயம் முழுசாகப் பிடித்தது. சொல்லாது சார், அதைத்தான் நான் சொல்லுதேன் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்ததற்காக மாநிலம் முழுக்கப் பேச்சைப் பறிக்க முடியுமா, பெற்றவர்கள் சும்மா விடுவார்களா என்றார். உங்களுக்கு மனசு கேட்கவில்லையென்றால் அந்தப் பிள்ளையின் பலகையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், பழுது என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். இந்த வருஷ விருதுக்கு அவள் பெயரைப் பரிந்துரைத்திருப்பதையும் மறக்காமல் சொன்னார்.

மாநிலத்துக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையையாவது மீட்டுவிடலாம் என்று நினைத்தாள். பட்டை கழுத்திலிருந்து போய்விட்டால் முத்துப்பேச்சி பழையபடி கையைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். காது இல்லாத பிள்ளைக்கு இனி அதுதான் கதி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

இசக்கி பாயில் கிடந்தாள். மொட்டை அடித்த தலையில் தையல் போட்ட தழும்பு. அமலோற்பவத்தைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பலகையும் பட்டையும் பாயோரம் துடைத்துச் சுத்தமாக வைக்கப்பட்டிருந்தன. முத்துப்பேச்சி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வாங்க டீச்சர் என்று எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லி, அமலோற்பவமும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பலகையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஒத்திகையைச் சொன்னாள், வெக்கையைச் சொன்னாள், நனைந்த பாவாடையைச் சொன்னாள். வலிக்கிறது என்று சொல்லத் தவித்தபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்று சொல்ல வைத்தது தான்தான் என்றாள்.

முத்துப்பேச்சியின் விரல்கள் வழக்கம்போல் சுற்றிக்கொண்டே இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக நின்றன. ஏசுவாள் என்று அமலோற்பவம் காத்திருந்தாள். அவள் ஏசவில்லை. மடியில் சிந்திய தூளைத் தட்டிவிட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில சொன்னது இவ இல்லியா?"

"இல்ல."

"வீட்டுல ராத்திரி ராத்திரி சொன்னது?"

"அதுவும் இல்ல முத்துப்பேச்சி. எல்லாம் நான் சொன்னது."

முத்துப்பேச்சி மகளைப் பார்த்தாள். பிறகு அமலோற்பவத்தின் பையைப் பார்த்தாள். கேட்பதற்கு முன்னாலேயே அவள் முகம் உடைந்துவிட்டது.

"மேடையில வச்சு என்னை அம்மான்னு கூப்பிட்டாள்லா டீச்சர். அது?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். எதிரே இருந்தவளின் கண்கள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை. அல்லது தைரியம் வரவில்லை.

"அது மட்டும் அவளே சொன்னது" என்றாள். "நான் சொல்லிக் குடுக்கல."

முத்துப்பேச்சி முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்து, முறத்தை இறக்கி வைத்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பலகையை அவளே எடுத்தாள்.

"இத எங்க டீச்சர் கொண்டு போறிய? இது போச்சுன்னா பொறவு அவ என்னைய எப்படிக் கூப்பிடுவா? மத்தது எது சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவ கையப் பாத்துக்கிடுதேன். அந்த ஒரு சொல்லுக்குப் போட்டுக்கிடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல அமலோற்பவத்திடம் இனிக் காரணம் எதுவும் இல்லை. முத்துப்பேச்சி மகளைத் தன் பக்கம் திருப்பிக் கழுத்தில் பட்டையைக் கட்டினாள். இசக்கி உடம்பை வில்லாக வளைத்தாள். இரண்டு கைகளாலும் பட்டையில் இடித்தாள், தழும்புத் தலையைப் பாயில் மோதினாள்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன்" என்றது பலகை.

"என்ன தாயி" என்று முத்துப்பேச்சி மகளின் முகத்தோடு முகம் வைத்துக் கேட்டாள். கைகளை அவள் பார்க்கவில்லை. கேட்டியளா என்பதுபோல் நிமிர்ந்து அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

அமலோற்பவம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.